ரோதர்ஹாம் கவுன்சில்: தெரிந்தும் கேட்கப்படாத கேள்விகள்

வட இங்கிலாந்தில், தெற்கு யார்க்ஷயர் பகுதியில், ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கங்களையும் எஃகு ஆலைகளையும் நம்பி வாழ்ந்த நகரம் ரோதர்ஹாம். சுற்றுவட்டார ஊர்களையும் சேர்த்தால் அங்கு இரண்டரை லட்சம் பேருக்கு மேல் வசிக்கிறார்கள். 2004-2005 காலகட்டத்தில் அந்த ஊர்க் கவுன்சிலர்களுக்கென்றே சில விளக்கக் கூட்டங்கள் நடத்தப்பட்டன. விளக்கம் அளித்தவர் 'ரிஸ்கி பிசினஸ்' என்ற சிறிய இளைஞர் நலத் திட்டத்தின் மேலாளர். ஊரில் பதின்ம வயதுச் சிறுமிகள் ஆண்களால் பரிசுகள், மது, போதைப்பொருள் ஆகியவற்றின் மூலம் வசப்படுத்தப்பட்டு, பாலியல் சுரண்டலுக்கு ஆளாக்கப்படுகிறார்கள் என்பதையும், அது எந்த அளவில் நடக்கிறது என்பதையும் அவர் பூசி மெழுகாமல் எடுத்துச் சொன்னார். அதன் பிறகு, தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லும் இடத்தில் அந்தக் கவுன்சிலின் தலைமை இல்லை.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2014 ஆகஸ்ட் 26 அன்று, பேராசிரியர் அலெக்சிஸ் ஜே தமது சுயேச்சையான விசாரணை அறிக்கையை வெளியிட்டார். 1997 முதல் 2013 வரையிலான காலத்தில் ரோதர்ஹாமில் ஏறத்தாழ 1,400 குழந்தைகள் பாலியல் சுரண்டலுக்கு உள்ளானார்கள் என்றும், இது குறைத்து மதிப்பிட்ட கணக்கு என்றும் அவர் எழுதினார். பாதிக்கப்பட்டவர்களுள் 11 வயதுச் சிறுமிகளும் இருந்தார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர், வீட்டில் புறக்கணிப்பு அல்லது பாதுகாப்பின்மை என்ற காரணத்தால் கவுன்சிலின் குழந்தைகள் சேவைத் துறைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள். குற்றம் செய்தவர்களைப் பற்றியும் காவல்துறை கைகட்டி நின்றதைப் பற்றியும் இதற்குள் நிறைய எழுதப்பட்டுவிட்டது. இந்த ஆய்வு எடுத்துக்கொள்வது அதிகம் பேசப்படாத ஒரு பகுதியை: மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு, தங்கள் ஊரின் குழந்தைகள் சேவையை மேற்பார்வையிடும் சட்டப் பொறுப்பை ஏற்றிருந்தவர்கள், கையில் தகவல் இருந்தும் ஏன் மேற்பார்வை செய்யவில்லை என்பதை.

சட்டம் தந்திருந்த கருவிகள்

இங்கிலாந்தில் உள்ளாட்சிக் கவுன்சிலின் வேலை குப்பை அள்ளுவதோடும் தெருவிளக்குகளோடும் முடிவதில்லை. ஆபத்திலிருக்கும் குழந்தையைப் பற்றி விசாரிப்பதும், தேவைப்பட்டால் நீதிமன்ற ஆணை பெற்று அந்தக் குழந்தையைத் தன் பராமரிப்பில் எடுத்துக்கொள்வதும் 1989-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டப்படி கவுன்சிலின் கடமைகள். அச்சட்டத்தின் 47-ஆவது பிரிவு, ஒரு குழந்தைக்குக் கடும் தீங்கு நேர்கிறது அல்லது நேரக்கூடும் என்று ஐயம் கொள்ள நியாயமான காரணம் இருந்தால் கவுன்சில் விசாரித்தே ஆகவேண்டும் என்று கட்டளையிடுகிறது. கவுன்சிலின் பராமரிப்பில் உள்ள குழந்தைகளுக்குக் கவுன்சிலர்கள் அனைவரும் கூட்டாகப் பெற்றோர் நிலையில் இருக்கிறார்கள் என்ற கருத்து 1998 முதலே அரசின் கொள்கையில் அழுத்தமாக இடம்பெற்று வந்தது.

2000-இல் லண்டனின் ஹாரிங்கே பகுதியில் விக்டோரியா கிளிம்பி என்ற எட்டு வயதுச் சிறுமி, பல அமைப்புகளின் கண்ணெதிரே சித்திரவதைக்கு உள்ளாகி இறந்தாள். அந்த மரணத்தை விசாரித்த லார்ட் லேமிங்கின் 2003-ஆம் ஆண்டு அறிக்கை, மேல்மட்டத்தில் இருந்தவர்கள் பொறுப்பைத் தட்டிக்கழித்ததைக் கடுமையாகச் சாடியது. அதன் விளைவாக வந்த 2004-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம், ஒவ்வொரு கவுன்சிலிலும் குழந்தைகள் சேவைக்கென ஓர் இயக்குநரும், அரசியல் பொறுப்பேற்கும் ஒரு கவுன்சிலரும் இருக்க வேண்டும் என்று விதித்தது. தவறு நேர்ந்தால் யாரைக் கேட்பது என்ற கேள்விக்கு இரண்டு பெயர்கள் எப்போதும் பதிலாக இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

இதற்கு மேல் இன்னொரு காவலும் இருந்தது. 2000-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் கவுன்சிலை இரண்டாகப் பிரித்தது. சிலர் அமைச்சரவை போன்ற ஒரு செயற்குழுவில் அமர்ந்து முடிவெடுப்பார்கள். மற்றவர்கள் ஆய்வுக் குழுக்களில் அமர்ந்து அந்த முடிவுகளைக் கேள்விக்கு உட்படுத்துவார்கள். ஆய்வுக் குழு செயற்குழு உறுப்பினரையும் அதிகாரிகளையும் நேரில் வரவழைக்கலாம். வெளியாட்களையும் அழைத்துப் பேசவைக்கலாம். கூட்டத்துக்கான ஆவணங்கள் ஐந்து முழு நாட்களுக்கு முன்பே பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும்.

ஆக, ரோதர்ஹாமில் சட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் அந்தக் கவுன்சிலின் 63 இடங்களில் மிகப் பெரும்பாலானவை பல ஆண்டுகளாக ஒரே கட்சியான தொழிற்கட்சியிடம் இருந்தன. கேள்வி கேட்க வேண்டியவரும் பதில் சொல்ல வேண்டியவரும் ஒரே கட்சிக் கூட்டத்தில் அருகருகே அமர்பவர்கள். அடுத்த ஆண்டு செயற்குழுவில் யாருக்கு இடம் என்பதை முடிவு செய்பவர் கவுன்சிலில் அக்கட்சிக்குத் தலைமை தாங்குபவர். இத்தகைய அமைப்பில் உரத்துக் கேள்வி கேட்பவர் எதை இழப்பார் என்பது அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது.

தகவல் எங்கே நின்றது

'ரிஸ்கி பிசினஸ்' 1997-இல் தொடங்கப்பட்டது. கவுன்சிலின் இளைஞர் சேவைப் பிரிவின் கீழ் இயங்கிய மிகச் சிறிய திட்டம் அது. அதன் பணியாளர்கள் சிறுமிகள் இருக்கும் இடத்துக்கே தேடிச் சென்றார்கள்; அவர்கள் நம்பிப் பேசும்வரை காத்திருந்தார்கள்; ஆண்களின் பெயர்களையும் வண்டி எண்களையும் முகவரிகளையும் குறித்துவைத்தார்கள். அந்தக் குறிப்புகள் காவல்துறைக்கும் சமூகப் பணியாளர்களுக்கும் தொடர்ந்து அனுப்பப்பட்டன. பெறுபவர்கள் அவற்றை ஆதாரம் என்று ஏற்கவில்லை. தொழில்முறைத் தகுதி இல்லாத இளைஞர் பணியாளர்கள் மிகைப்படுத்துகிறார்கள் என்ற பேச்சு நிர்வாகத்தில் உலவியது.

2002-இல், உள்துறை அமைச்சகத்தின் நிதியில் அத்திட்டத்தோடு இணைந்து பணியாற்றிய ஓர் ஆய்வாளர் தமது அறிக்கையின் வரைவை எழுதினார். கவுன்சில், காவல்துறை இரண்டையும் அது கடுமையாக விமர்சித்தது. மூத்த அதிகாரிகள் அதன் தரவுகளை நம்ப மறுத்தார்கள். அறிக்கை வெளிவரவே இல்லை. ஒரு வார இறுதி முடிந்து திங்கட்கிழமை அலுவலகம் வந்தபோது தம் கோப்புகள் அகற்றப்பட்டிருந்ததைக் கண்டதாக அந்த ஆய்வாளர் பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். தொடர்ந்து 2003-இலும் 2006-இலும் தெற்கு யார்க்ஷயர் காவல்துறையில் போதைப்பொருள் பற்றிய தகவல்களைப் பகுப்பாய்வு செய்துவந்த டாக்டர் ஆஞ்சி ஹீல் எழுதிய இரண்டு அறிக்கைகள், அதே சுரண்டலை அதே தெளிவோடு விவரித்தன. ஆக மூன்று அறிக்கைகள். முதல் அறிக்கையையாவது உரிய கவனத்தோடு எடுத்துக்கொண்டிருந்தால் குழந்தைகள் இன்னும் நன்றாகப் பாதுகாக்கப்பட்டிருப்பார்கள் என்பதே பேராசிரியர் ஜேயின் முடிவு.

கவுன்சிலர்களின் மேசைக்கு என்ன போயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். அக்காலத்தில் குழந்தைகள் சேவையின் செயல்திறன் பெரும்பாலும் காலக்கெடுவால் அளக்கப்பட்டது. ஒரு குழந்தையைப் பற்றிய தகவல் வந்தபின் முதல்நிலை மதிப்பீடு ஏழு வேலை நாட்களில் முடிந்ததா, விரிவான மதிப்பீடு 35 வேலை நாட்களில் முடிந்ததா என்பவை விழுக்காடுகளாகத் தொகுக்கப்படும். அந்த விழுக்காடுகள் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் தீட்டப்பட்டு ஆய்வுக் குழுவின் ஆவணக் கட்டில் வந்து சேரும். சிவப்பு நிறம் கண்ட இடத்தில் கவுன்சிலர் கேள்வி கேட்பார். பச்சையைத் தாண்டிச் சென்றுவிடுவார். பதினான்கு வயதுப் பெண் இரவு முழுவதும் வீடு திரும்பாததையும், விடியற்காலையில் முன்பின் தெரியாத ஒருவர் அவளை வாடகைக் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டதையும் சொல்வதற்கு அந்த அட்டவணையில் கட்டம் கிடையாது. அவளைப் பற்றிய கோப்பு "தன் விருப்பப்படி நடந்துகொள்கிறாள்" என்ற முடிவோடு மூடப்பட்டிருந்தால், காலக்கெடுவுக்குள் முடிந்த வழக்கு என்ற கணக்கில் அதுவும் பச்சையாகவே எண்ணப்படும்.

பெருஞ்சுமையில் தவித்த சமூகப் பணிக் குழுக்கள் சின்னஞ்சிறு குழந்தைகளுக்கே முன்னுரிமை கொடுத்தன. பதின்ம வயதினர் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள். மத்திய அரசின் நிதிக் குறைப்பும் இதில் பங்கு வகித்தது: 2010-11 நிலையோடு ஒப்பிட்டால் 2016-க்குள் ரோதர்ஹாம் தன் செலவிடும் திறனில் 33 விழுக்காட்டை இழந்திருக்கும் என்று பேராசிரியர் ஜே குறிப்பிட்டார். ஆனால் காலவரிசையைக் கவனித்தால், ஆபத்தை அறிந்தும் கவுன்சில் அசையாமல் இருந்த ஆண்டுகளில் பெரும்பாலானவை அந்த நிதிக் குறைப்புக்கு முந்தையவை. ஆகவே பணமில்லை என்பதை முதற்காரணமாக ஏற்க என்னால் முடியவில்லை.

கேட்க முயன்றவருக்கு நேர்ந்தது

2006-இல் கன்சர்வேட்டிவ் கட்சிக் கவுன்சிலர் ஒருவர் சிறுமிகள் சுரண்டப்படுவது பற்றிய தம் கவலையைத் தெரிவிக்கக் கவுன்சில் தலைவரைச் சந்தித்தார். விஷயத்தைக் காவல்துறை கவனித்துக்கொண்டிருக்கிறது, இதைப் பொதுவெளியில் எழுப்ப வேண்டாம் என்ற பதிலே அவருக்குக் கிடைத்தது. எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் விரலை நீட்டிக் காட்டிய இடத்திலும் மேற்பார்வை ஓர் அறைக்குள் நடந்த தனிப் பேச்சோடு முடிந்துபோயிற்று. அந்தப் பேச்சு ஓர் ஆய்வுக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஏறியிருந்தால், அதிகாரி எழுத்தில் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். பதில் குறிப்பேட்டில் பதிவாகியிருக்கும். அடுத்த கூட்டத்தில் யாராவது அதைத் திரும்பக் கேட்டிருக்கலாம். மேற்பார்வையின் உயிர் இந்த எழுத்துப் பதிவில்தான் இருக்கிறது.

குற்றவாளிகளில் மிகப் பெரும்பாலோரை ஆசியர்கள் (பிரிட்டனில் இச்சொல் பெரும்பாலும் தெற்காசிய வம்சாவளியினரைக் குறிக்கும்) என்றே பாதிக்கப்பட்டவர்கள் விவரித்தார்கள். இதைப் பதிவு செய்தால் இனவெறி என்ற பழி வருமோ என்று சில பணியாளர்கள் அஞ்சினார்கள். அதை அழுத்திச் சொல்ல வேண்டாம் என்று மேலதிகாரிகள் உணர்த்தியதாகச் சிலர் கூறினார்கள். கவுன்சிலோ பாகிஸ்தானிய வம்சாவளிச் சமூகத்தோடு பேச வேண்டியதை எல்லாம் அச்சமூகத்தின் ஆண் கவுன்சிலர்கள், பள்ளிவாசல் தலைவர்கள் வழியாகவே பேசிக்கொண்டது. அச்சமூகத்தின் பெண்களை யாரும் அழைத்துக் கேட்கவில்லை. அவர்களுடைய மகள்களிலும் சுரண்டப்பட்டவர்கள் இருந்தார்கள் என்பது இந்த மௌனத்தில் முற்றாக மறைந்துபோன உண்மை. ஒரு தகவலைப் பதிவு செய்யாமல் விட்டால் யாரையும் புண்படுத்தாமல் தப்பித்துவிடலாம் என்ற எண்ணம் கடைசியில் எவரையும் காக்கவில்லை. 2025 ஜூனில் பாரனஸ் லூயிஸ் கேசி வெளியிட்ட நாடு தழுவிய தணிக்கையும், இத்தகைய வழக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு குற்றவாளிகளின் இனம் பதிவே செய்யப்படவில்லை என்று கண்டது. பதிவில் இல்லாததை எந்தக் குழுவாலும் மேற்பார்வையிட முடியாது. ஊகமும் வெறுப்பும் அந்த இடைவெளியை நிரப்பிக்கொள்கின்றன.

வாடகைக் கார் உரிம விஷயமும் இதே வகையைச் சேர்ந்தது. குழந்தைகள் இல்லங்களின் வாசலுக்கே கார்கள் வந்து சிறுமிகளை ஏற்றிச் சென்றது 1990-களிலேயே இல்லப் பொறுப்பாளர்களுக்குத் தெரியும். ஓட்டுநர்களுக்கு உரிமம் வழங்குவதும் அதை ரத்து செய்வதும் அதே கவுன்சிலின் அதிகாரம். இல்லங்களை நடத்தும் துறையும் உரிமம் தரும் துறையும் ஒரே அமைப்பின் இரண்டு கைகளாக இருந்தும், ஒரு கை அறிந்ததை வைத்து மறு கை செயல்படவில்லை. இரண்டு துறைகளையும் சேர்த்துப் பார்த்திருக்கக்கூடியவர்கள் கவுன்சிலர்கள் மட்டுமே.

வெளியிலிருந்து வந்த நற்சான்று

2009-இல், பள்ளிகளையும் குழந்தைகள் சேவைகளையும் சோதித்து மதிப்பிடும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட், ரோதர்ஹாமின் குழந்தைகள் சேவை போதுமானதல்ல என்று மதிப்பிட்டது. அவ்வாண்டு டிசம்பரில் மத்திய அரசு மேம்பாட்டு அறிவிப்பு ஒன்றைப் பிறப்பித்தது. நடைமுறைகள் சீர்செய்யப்பட்டன, காலக்கெடுக்கள் எட்டப்பட்டன, 2011 ஜனவரியில் அறிவிப்பு நீக்கப்பட்டது. 2012 ஆகஸ்டில் ஆஃப்ஸ்டெட் மீண்டும் வந்து, சேவை ஓரளவு திருப்திகரம் என்று எழுதிச் சென்றது. இதற்கு நடுவே, 2010 நவம்பரில் ஐந்து ஆண்கள் ரோதர்ஹாம் சிறுமிகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டிருந்தார்கள். 2011-இல் 'ரிஸ்கி பிசினஸ்' மூடப்பட்டு அதன் பணி குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவுக்குள் இணைக்கப்பட்டது. சிறுமிகள் நம்பித் தேடிவந்த ஒரே கதவு, மேம்பாடு நடந்ததாகச் சான்று கிடைத்த அதே ஆண்டில் சாத்தப்பட்டது.

இந்த இடத்தில் கவுன்சிலர்கள் மீது சற்று இரக்கத்தோடு பேச வேண்டும். பகுதிநேரமாக மக்கள் பணி செய்யும் ஒருவரிடம், நாட்டின் தலைமை ஆய்வு அமைப்பே ஏற்றுக்கொண்ட ஒன்றை ஏன் ஏற்றீர்கள் என்று கேட்பது கடினம். ஆயினும் ஆஃப்ஸ்டெட் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, சில வாரங்கள் மட்டும் வந்து போவது. கவுன்சிலரோ அதே தெருவில் வசிப்பவர். இரவில் யார் வாசலில் எந்த வண்டி நிற்கிறது என்பதைக் கடைக்காரரிடமும் ஆசிரியரிடமும் கேட்டறியக்கூடியவர். 'தி டைம்ஸ்' செய்தியாளர் ஆண்ட்ரூ நார்ஃபோக் 2011 முதல் எழுதிவந்த கட்டுரைகளுக்கான செய்திகள் அந்த ஊர் மனிதர்களிடமிருந்தே கிடைத்தன. 2013 ஜூனில் நாடாளுமன்ற உள்துறைக் குழுவும் ரோதர்ஹாமைக் கண்டித்தது. இந்த அழுத்தங்களுக்குப் பிறகே கவுன்சில் தானாகவே பேராசிரியர் ஜேயை நியமித்தது. தாமதமானாலும் அந்த முடிவைக் கவுன்சிலே எடுத்தது என்பதை மறைக்கக்கூடாது.

அவர் செய்த வேலையின் முறை எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அவர் 66 குழந்தைகளின் கோப்புகளை முழுமையாகப் படித்தார். பாதிக்கப்பட்டவர்களோடும் பணியாளர்களோடும் பேசினார். காவல்துறைக்குரிய அதிகாரமோ ரகசிய ஆதாரமோ அவரிடம் இல்லை. பதினாறு ஆண்டுகளாகக் கவுன்சிலின் சொந்த அலமாரியில் இருந்த தாள்களைப் பொறுமையாகப் படித்ததாலேயே அந்த அறிக்கை பிறந்தது. கவுன்சிலர் ஒருவர் குழந்தையின் பெயரோடு உள்ள கோப்பைத் திறந்து படிக்க முடியாது. குழந்தையின் அந்தரங்கம் அதற்கு இடம் தராது. ஆனால் பெயர் நீக்கிய கோப்புத் தணிக்கைகளை மாதந்தோறும் கேட்டுப் பெறலாம். அதிகாரிகள் உடன் இல்லாமல் களப்பணியாளர்களைச் சந்திக்கலாம். இரவில் காணாமற்போன குழந்தைகள் எத்தனை பேர், திரும்பி வந்தபின் அவர்களோடு யார் பேசினார்கள், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் அதே மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

கவுன்சிலிடமிருந்து அதிகாரம் பறிக்கப்பட்டபோது

அறிக்கை வந்த அன்றே கவுன்சில் தலைவர் ரோஜர் ஸ்டோன் பதவி விலகினார். 2005 முதல் 2010 வரை குழந்தைகள் சேவைக்குப் பொறுப்பான கவுன்சிலராக இருந்த ஷான் ரைட், அப்போது தெற்கு யார்க்ஷயரின் காவல் ஆணையராக, அதாவது காவல்துறையை மேற்பார்வையிட மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருந்தார். முதலில் விலக மறுத்த அவர் செப்டம்பர் 16 அன்று விலகினார். தலைமை நிர்வாகியும் குழந்தைகள் சேவை இயக்குநரும் வெளியேறினார்கள். நவம்பரில் ஆஃப்ஸ்டெட் தன் மதிப்பீட்டை மாற்றி, போதுமானதல்ல என்றது.

மேலே சொன்ன அதே லூயிஸ் கேசி அரசின் சார்பில் நடத்திய சோதனையின் அறிக்கை 2015 பிப்ரவரி 4 அன்று வந்தது. கவுன்சில் தன் பணிக்கே தகுதியற்றது என்றும், மறுப்பிலேயே வாழ்கிறது என்றும் அது அறிவித்தது. அவர் குழு பேசிய கவுன்சிலர்களில் பெரும்பாலோர், பேராசிரியர் ஜேயின் கண்டுபிடிப்புகளை அப்போதும் ஏற்கவில்லை. அறிக்கைகள் செயற்குழுவுக்கும் ஆய்வுக் குழுவுக்கும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தன. உறுப்பினர்களிடமிருந்து வர வேண்டிய கேள்விகள்தாம் வரவில்லை. செயற்குழு முழுவதும் விலகுவதாக அறிவித்தது. அம்மாத இறுதியில் சர் டெரெக் மையர்ஸ் தலைமையில் ஆணையர்கள் நியமிக்கப்பட்டு, செயற்குழுவின் அதிகாரங்கள் அவர்களுக்கு மாற்றப்பட்டன. குழந்தைகள் சேவைக்கு முந்தைய ஆண்டே மால்கம் நியூசம் ஆணையராக அனுப்பப்பட்டிருந்தார்.

ஜனநாயகத்தை நேசிப்பவர்களுக்கு இது எளிதில் ஏற்கத்தக்க செயல் அல்ல. வாக்களித்தவர்கள் நீக்க முடியாத ஆணையர்கள் ஓர் ஊரை ஆள்வது நெடுநாள் மருந்தாக முடியாது. ரோதர்ஹாமில் அது ஒருவாறு பயன் தந்தது என்று நான் கருதுவதற்குக் காரணம், அதிகாரம் திரும்பி வருவதற்கான வழியும் தொடக்கத்திலேயே வகுக்கப்பட்டிருந்தது. 2016 மே மாதம் எல்லா இடங்களுக்கும் ஒரே நேரத்தில் தேர்தல் நடத்தப்பட்டது. துறை துறையாக அதிகாரம் திருப்பித் தரப்பட்டது. 2016 பிப்ரவரியில் தொடங்கிய அந்த ஒப்படைப்பு 2018-இல் முழுமை பெற்றது. வாடகைக் கார்களில் கேமரா கட்டாயமாக்கப்பட்டது. 2018 ஜனவரியில் ஆஃப்ஸ்டெட் குழந்தைகள் சேவையை நன்று என்று மதிப்பிட்டது. 2019 மார்ச் இறுதியில் அரசின் தலையீடு முடிவுக்கு வந்தது.

2014 டிசம்பரில் தேசியக் குற்ற முகமை தொடங்கிய 'ஸ்டோவ்வுட்' விசாரணை அதன் பிறகும் பல ஆண்டுகள் தொடர்ந்தது. 1,100-க்கும் மேற்பட்ட பாதிக்கப்பட்டவர்களை அது அடையாளம் கண்டது. அன்று பதின்மூன்று, பதினான்கு வயதில் தங்கள் பேச்சை யாரும் நம்பாததால் மௌனமானவர்கள், முப்பதுகளைக் கடந்த பெண்களாக ஷெஃபீல்டு நீதிமன்றத்துக்கு வந்து, அதே பெயர்களையும் அதே தெருக்களையும் மீண்டும் சொன்னார்கள். இம்முறை அவர்கள் சொன்னது எழுதிக்கொள்ளப்பட்டது.